அழிப்புப் பதிவேடு

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று ஆண்டுகளாக எழுதாதவன் இன்று ஏன் எழுதுகிறான் என்று கேட்பாய். வேறு யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் பத்து நாட்களாக வீட்டுத் தொலைபேசியை எடுத்தால் எதிர்முனையில் யாரோ மூச்சுவிடுகிறார்கள், பேசுவதில்லை. அலுவலக மின்னஞ்சலை நிர்வாகம் திறந்து பார்க்கலாம் என்று பணி விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே தாளும் பேனாவும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். டிசம்பரில், எங்கள் பல்கலைக்கழகத்து அறிவியல் கட்டடத்தின் நிலவறையில் உள்ள வேதிப்பொருள் கிடங்கில் பணியாளர் ஒருவர் விழுந்து இறந்தார். மாரடைப்பு என்று அறிவித்தார்கள். ஜனவரியில் பெயரில்லாத நான்கு பக்க அறிக்கை ஒன்று எல்லா அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்பட்டிருந்தது. கிடங்கின் காற்றை வெளியேற்றும் விசிறி இரண்டு ஆண்டுகளாக ஓடவில்லை என்றும், மூடிய அறையில் எந்தத் திரவம் எத்தனை நிமிடத்தில் மனிதனை வீழ்த்தும் என்றும் அட்டவணையோடு அதில் எழுதியிருந்தது. எழுதியவர் தன் பெயரைத்தான் மறைத்தாரே தவிர, அட்டவணையை எடுத்த நூலின் பெயரையும் பக்க எண்ணையும் அடியில் ஒழுங்காகக் குறித்திருந்தார். அந்த ஒழுங்குதான் வினையாகிவிட்டது. அந்தக் கையேட்டின் ஒரே பிரதி என் பொறுப்பில் உள்ள நூலகத்தில் இருக்கிறது.

ஐந்தாண்டுகளில் அதை எடுத்துச் சென்றவர்கள் யார் யார் என்று பதிவாளர் எழுத்தில் கேட்டார். இதற்கு முன் ஒரு கூட்டத்தில் இறந்தவரைப் பற்றிக் கேள்வி கேட்ட இருவரில் ஒருவருக்கு வேலை போயிற்று. மற்றவரை விசாரணைக்கு என்று அழைத்துச் சென்று நான்கு நாள் கழித்து விட்டார்கள். அவர் இப்போது யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நான் மூன்று பத்திகளில் பதில் அனுப்பினேன். வாசகர் தகவல் விதி, பிரிவு ஏழின்படி, நூல் திரும்பிய ஏழு நாட்களுக்குள் எடுத்தவரின் எண் கணினியிலிருந்து நீக்கப்படுகிறது. எனவே தகவல் இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த விதியை வரைந்தவனே நான் என்பதை நீ அறிவாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீக்கியதற்குச் சான்றாக, ‘காண்க: அழிப்புப் பதிவேடு, மூன்றாம் தொகுதி’ என்றும் சேர்த்தேன். குறையற்ற பதில் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

ஆனால் அன்றிலிருந்து சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் செய்தித்தாள் மேசையில் காலை முதல் மாலைவரை உட்கார்ந்திருக்கிறார். கவுன்ட்டரில் இருக்கும் அம்மா என் காதருகே வந்து, “அந்த ஆளு மூணு நாளா ஒரே பேப்பரை மனப்பாடம் பண்றாரு சார்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பவள். யார் எந்த மருந்து வாங்கினார் என்று அதிகாரம் உள்ள ஒருவர் வந்து கேட்டால், நீ என்ன செய்வாய்? என்னிடம் கோபம் இருக்கும். இருந்தாலும் பதில் எழுது.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 13

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் திறக்காமல் ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருந்தேன். திறக்காமலே திருப்பி அனுப்பலாமா என்றும் யோசித்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: போன வருடம் ஒருவர் வந்தார். தன் மனைவி எங்களிடம் என்ன மாத்திரை வாங்குகிறாள் என்று கேட்டார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. “யாருக்குங்க உடம்பு சரியில்ல, உங்களுக்கா?” என்று கேட்டேன். இல்லை என்றார். “அப்போ நான் என்ன குடுக்கறது உங்களுக்கு?” என்றேன். அவ்வளவுதான். முடியாது என்றும் சொல்லவில்லை, விதியையும் எடுத்துப் படிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு அன்று முழுக்க வாசலைப் பார்த்தே வேலை செய்தேன், அது வேறு விஷயம்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பதிவேட்டில் நீங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? பதிவாளர் அதைக் கேட்டாரா? கேட்கவில்லை. பிறகு எதற்கு அந்தக் கடைசி வரி?

குடும்ப நீதிமன்றத்தில் உங்களை ஒரு கேள்விதான் கேட்டார்கள்: “அன்று குழந்தை வீட்டில் இருந்ததா?” ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். “ஆமாம், தனியாக இருந்தது, தாய் எட்டு மணிக்குத்தான் வந்தாள்” என்று சொன்னீர்கள். உண்மைதான், யார் இல்லை என்றது? அந்த உண்மையால்தான் என் மகள் இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும் என்னிடம் வருகிறாள். கேட்டதற்கு மேலே ஒரு வரி சொல்லாமல் உங்களால் இருக்கவே முடியாது.

பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

தங்கை

*

பிப்ரவரி 17

அன்புள்ள தங்கைக்கு,

சிறு வயதிலிருந்து என்னை ‘நீ’ என்று பேசியவள், ஒரு கடிதம் முழுக்க ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். இப்போது பேசும் நிலையில் நான் இல்லை.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். விதி என்ன கேட்கிறது? நீக்கிய நாள், நீக்கிய பதிவுகளின் எண்ணிக்கை, கையொப்பம். அவ்வளவே. விதியை வரைந்த எனக்கே அது அன்று போதவில்லை. ‘இருநூற்றுப் பதினான்கு பதிவுகள் நீக்கப்பட்டன’ என்று எழுதினால், எந்த இருநூற்றுப் பதினான்கு என்று பின்னால் வரும் தணிக்கையாளர் கேட்க மாட்டாரா? ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கணினியில் நீக்குவதற்கு முன், நீக்கப்போகும் பட்டியலை அச்சிட்டு எண்ணிக்கைக்கு எதிரே ஒட்டினேன். இடப்பக்கம் வாசகர் அட்டை எண், வலப்பக்கம் நூல் எண். ஐந்நூற்று எழுபத்தொரு வெள்ளிக்கிழமைகள், ஒன்றுகூடத் தவறவில்லை. கணினி எதை மறந்ததோ அதையெல்லாம் நான் பசை தடவிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

பதினோரு ஆண்டுகளாக வாசகர்களிடம், உங்கள் வாசிப்பு உங்களோடு போகிறது, எங்களிடம் தங்குவதில்லை என்று நானே சொல்லி வந்தேன். ஒரு பெண் தயங்கித் தயங்கி ஒரு மருத்துவ நூலை எடுத்தாள். இன்னொருவர் கடன்பட்டவர்களுக்கான சட்ட நூலை, மேலே நாவல் ஒன்றை வைத்து மறைத்து எடுத்தார். அவர்கள் என் சொல்லை நம்பினார்கள். அத்தனை பேரும் என் அலமாரியில், என் மேசையிலிருந்து நான்கு அடி தூரத்தில் இருக்கிறார்கள்.

இன்று காலை பதிவாளர் என்னை அழைத்தார். மிகுந்த மரியாதையோடு பேசினார், காபி வரவழைத்தார். என் பதில் தெளிவாக இருந்ததாகப் பாராட்டினார். பிறகு, “அந்த மூணாவது தொகுதியை மட்டும் இருபத்தேழாம் தேதி விசாரணைக் குழுவுக்குக் கொண்டு வந்துடுங்க. சும்மா ஒரு பார்வை” என்றார். நானாகக் குறிப்பிட்டிராவிட்டால் அப்படி ஒரு பதிவேடு இருப்பதே அவருக்குத் தெரிந்திராது. நீ எழுதியது சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று உனக்குத் தெரியாது.

கையேட்டின் எண்ணைப் பட்டியல்களில் தேடினேன். மூன்று வாசகர் அட்டைகள். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 20

அண்ணா,

மேலே எழுதாதே. இதையும் கவனமாகப் படி.

உன் இரண்டாவது கடிதம் வந்த உறையில், மூடியின் ஓரத்தில் பசை இரண்டு தடவை போட்டிருந்தது. நீ ஒரு தடவைதான் போடுவாய். ஓரத்தில் வழிந்தால் துடைத்துவிட்டுத்தான் அனுப்புவாய். உன்னை எனக்குத் தெரியாதா? யாரோ பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். பட்டியல்கள் இருக்கின்றன என்பது இப்போது அவர்களுக்கும் தெரியும்.

நேற்று மருந்தகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. என் அண்ணனுக்கு உடல்நலம் எப்படி இருக்கிறது, மனநிலை எப்படி, முன்பு ஏதாவது சிகிச்சை எடுத்தாரா என்று ஒரு பெண் குரல் கேட்டது. “யாரு பேசறது?” என்றேன். “அக்கறையுள்ளவங்க” என்றது. வைத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு சீட்டில் மருந்தின் அளவைத் தப்பாகப் படித்தேன். பக்கத்தில் இருந்தவள் பார்த்ததால் தப்பியது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. உனக்காக மட்டும் என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த நேரத்தில் என் பெயர் எந்த விசாரணையில் அடிபட்டாலும், அந்த இரண்டு சனிக்கிழமையும் போய்விடும்.

நீதிமன்ற விஷயத்தில் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்ததில், நீ அன்று என்னைக் கெடுக்க வேண்டும் என்று பேசவில்லை, பாதி உண்மை சொன்னால் அது பொய் என்று நினைத்துப் பேசினாய் என்பது மட்டும் புரிந்தது. அது மன்னிப்பு இல்லை. புரிந்தது, அவ்வளவுதான்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத மாட்டேன். எழுதினால் நான் சொல்லி நீ செய்ததாக ஆகும். உன் விதியை நீயே இன்னொரு தடவை படி. மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். உனக்காக ஒரு தடவை படி.

இனி அஞ்சலில் அனுப்பாதே.

தங்கை

*

பிப்ரவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதம் அஞ்சலில் வரவில்லை. கவுன்ட்டர் அம்மாவின் நாத்தனார் உன் ஊருக்கு வருகிறார். அவர் கையில் தருகிறேன். உறையை நானே ஒரு தடவை ஒட்டியிருக்கிறேன்.

விதியைப் படித்தேன். பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று: ‘வாசகரையும் நூலையும் இணைக்கும் எந்தக் குறிப்பும், நூல் திரும்பிய ஏழு நாட்களுக்குப் பின், எந்த வடிவிலும் இருத்தலாகாது.’ எந்த வடிவிலும். நானே தேர்ந்த சொற்கள். இந்தச் சொற்றொடருக்காக அன்று ஆட்சிக் குழுவில் நாற்பது நிமிடம் வாதாடினேன். அலுவலகத்தில் எனக்கு ‘பிரிவு ஏழு’ என்று பட்டப்பெயர் உண்டு. “பிரிவு ஏழு வருது, வாயை மூடு” என்று உதவியாளர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பிரிவை மீறியவர் இந்த நூலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் வாரம் தவறாமல் மீறியிருக்கிறார்.

மூன்று அட்டைகளைப் பற்றி உனக்குச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவர் எடுத்த அன்றே திருப்பிவிட்டார். ஒருவேளை தவறான நூலை எடுத்திருக்கலாம். மூன்றாமவர் இருமுறை நீட்டித்து வைத்திருந்தார். அவர் இன்றும் வருகிறார். முந்தாநாள் என் மேசைக்கு எதிரே நின்று, குடிநீர்க் குழாய் ஏன் பழுதாகி இருக்கிறது என்று கேட்டார். அவர்தான் அறிக்கையை எழுதினாரா? தெரியாது. ஒரு நூலை மூன்று மாதம் வைத்திருந்தவர் அதிலிருந்து என்ன செய்தார் என்று நூலகருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் விசாரணைக் குழுவுக்கு, அறிக்கையை எழுதியவரே வேண்டும் என்பதில்லை, ஒரு பெயர் போதும். தவறான நூலை எடுத்தவர்கூடப் போதும். குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த முகத்தை நான் பார்த்தபடி நின்றேன். இரண்டு மேசை தள்ளிச் சாம்பல் சட்டைக்காரர் என்னைப் பார்த்தபடி இருந்தார். நான் யாரை எவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்பதே ஒரு தகவல் என்று அப்போதுதான் உறைத்தது. சட்டென்று குனிந்துகொண்டேன். குழாயைப் பற்றிக் கேட்டவர், நான் அலட்சியம் செய்வதாக நினைத்து முகம் சுருங்கிப் போய்விட்டார்.

மூன்று நாட்களாக மதிய இடைவேளையில் புத்தகம் கட்டும் அறைக்குப் போகிறேன். பட்டியல்கள் ஒரு ஓரத்தில் மட்டுமே ஒட்டப்பட்டவை; கட்டுநரின் கத்தி ஓரமாகப் போனால் தாள் தனியே வந்துவிடுகிறது. கட்டுநரிடம் நான் எதுவும் விளக்கவில்லை. முதல் நாள் மூன்று தொகுதிகளோடு போய் நின்றதும் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கத்தி புதுசு சார், விரலைப் பாத்துக்குங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன். நான் டீயை மெதுவாத்தான் குடிப்பேன்” என்று சொல்லிவிட்டுக் கதவை வெளியே சாத்திக்கொண்டு போனார். வெட்டிய தாள்களை அவருடைய பசைத் தொட்டியில் ஊறவைத்துப் பிசைகிறேன். எண்கள் கரைய நேரம் எடுக்கிறது. ஒரு எண் கரைவதற்குள் வெளியே காலடிச் சத்தம் கேட்டால் தொட்டியின் மேல் பலகையை இழுத்து மூடுகிறேன். இதுவரை இரண்டு முறை கேட்டது; இரண்டு முறையும் யாரோ கடந்து போனார்கள்.

பதிவேட்டை அழிக்கவில்லை. அது விதி கேட்ட வடிவத்துக்கு வந்திருக்கிறது: நாள், எண்ணிக்கை, கையொப்பம். அதை இருபத்தேழாம் தேதி கொண்டுபோவேன். விதிக்குப் புறம்பாக நான் ஒட்டியவற்றை நானே நீக்கினேன் என்று ஒரு குறிப்பும் வைப்பேன். அவர்கள் உனக்கு வந்த உறையைப் பிரித்துப் படித்தவர்கள். பட்டியல்கள் இருந்ததே இல்லை என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 26

அண்ணா,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த அம்மாள் இன்று மதியம் திரும்பிப் போகிறார். இதைக் கொடுத்து அனுப்ப அரை மணிதான் இருக்கிறது.

அந்தக் குறிப்பு வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டாய். சரி, வை. ஆனால் அதை இரண்டு வரியில் முடி. மூன்றாவது வரி எழுதக் கை போனால் பேனாவை மூடிவிடு.

கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்கு மட்டும். அவர்கள் சும்மா இருந்தால் நீயும் சும்மா இரு. யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றும். நிரப்பாதே. எங்கள் மருந்தகத்துக்கு வரும் மருந்துக் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் பேசாமல் உட்கார்ந்தே காரியம் சாதிப்பார்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றில் உனக்குக் குரல் நடுங்கும்.

சனிக்கிழமை வருகிறேன். மகள் வரும் சனிக்கிழமைதான். அவளையும் அழைத்து வருகிறேன். மாமாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டேன். “மாமா இப்பவும் செருப்பை வரிசையா அடுக்கி வைக்கச் சொல்வாரா?” என்று கேட்டாள். சொல்வார் என்றேன்.

தங்கை

*

பிப்ரவரி 28

அன்புள்ள தங்கைக்கு,

இதை அஞ்சலில் அனுப்பப் போவதில்லை. இன்று மாலை இதை வாங்க வரும் கவுன்ட்டர் அம்மா, நாளை நீ பேருந்தில் இறங்கும்போது உன் கையில் தருவார். நேரில் சொல்லலாம், ஆனால் சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

நீண்ட மேசை. பதிவாளர், பல்கலைக்கழக வழக்கறிஞர், பாதுகாப்பு அதிகாரி. ஓரத்தில் தட்டச்சு செய்யும் பெண்மணி. பதிவாளர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக இருப்பவர், இதுவரை நாங்கள் வணக்கம் சொல்லிக்கொண்டதற்கு மேல் பேசியதில்லை. தொகுதியையும் குறிப்பையும் வைத்தேன். குறிப்பு இரண்டு வரிதான். வழக்கறிஞர் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் வெட்டிய ஓரம் நூலிழைபோல நின்றது. அதை அவர் விரலால் தடவிப் பார்த்தார். பதிவாளர் காபி வரவழைக்கவில்லை.

கேட்ட எல்லாவற்றுக்கும் கேட்ட அளவே பதில் சொன்னேன். யார் வெட்டியது? நான். எப்போது? தேதிகளைச் சொன்னேன். உதவியது யார்? ஒருவரும் இல்லை. எதனால்? பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று. அவர்கள் பேசாமல் இருந்தபோது நானும் பேசாமல் இருந்தேன். சுவர்க்கடிகாரத்தின் ஓசை என் நெஞ்சுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது.

அதன்பின் வழக்கறிஞர் தொகுதியை மூடிவிட்டு முன்னால் சாய்ந்தார். “பேப்பர் போகட்டும் சார். உங்க ஞாபகசக்தியைப் பத்தி இந்தக் கட்டடமே சொல்லுது. பட்டியலைப் பார்க்காமலா வெட்டினீங்க? அந்தப் புத்தகத்தை எடுத்தவங்க யாரு, நினைவிருக்கா இல்லையா? ஒரே வார்த்தை.”

நினைவிருந்தது. மூன்று எண்களும், மூன்று பெயர்களும், நீட்டித்த தேதிகளும். இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன் என்று சொல்வதற்காகத்தான் இரண்டு நாட்களாக என்னைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது உண்மை, என்னால் சொல்லக்கூடியது. ஆனால் பாதுகாப்பு அதிகாரி தன் நாற்காலியைச் சற்றே எனக்கு அருகில் இழுத்தார். அவ்வளவுதான் செய்தார். இருக்கிறது என்று நான் ஒப்புக்கொண்டால், அடுத்த நான்கு நாட்கள் எனக்கு எப்படி இருக்கும் என்பதை அந்தச் சத்தத்தில் கேட்டேன். நான்காவது நாள் வரை வாய் திறக்காத மனிதனா நான்? என்னைப் பற்றி நான் அதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

வழக்கறிஞர் அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பி, பதில் வரவில்லையே, என்ன எழுதுவது என்று கேட்டார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“‘நினைவில்லை’ன்னு போட்டிருக்கேன் சார்.”

“அப்படிச் சொன்னாரா?”

“முனகினாரு. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் பிழையான ஒரு வாக்கியம் என் கண்முன்னால் தாளில் ஏறி, நான் அதைத் திருத்தாமல் இருந்ததில்லை. நான் எதையும் முனகவில்லை. அது அந்தப் பெண்மணிக்குத் தெரியும். அவர் விரல்கள் விசைப்பலகை மேல் அசையாமல் நின்றன. அவருக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது.

“அப்படித்தானா?” என்றார் வழக்கறிஞர்.

“ஆமா” என்றேன்.

தாளை என்முன் வைத்தார்கள். படித்தேன். பொய் என்று தெரிந்தே கையொப்பமிட்டேன், தேதியும் போட்டேன். துணிச்சலில் செய்தேனா, அச்சத்தில் செய்தேனா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இரண்டில் எது என்று உன்னால் சொல்ல முடிந்தால் சொல். அந்தப் பெண்மணி காகிதங்களை அடுக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. நன்றி சொன்னால் அதுவும் ஒரு சான்று.

நூலகச் சாவிகளை வாங்கிக்கொண்டார்கள். மறு உத்தரவு வரும்வரை பணியிடை நீக்கம். ஊரைவிட்டுப் போகக் கூடாது. இன்று காலை கவுன்ட்டர் அம்மா என் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். யாரையும் அழைத்துப் போகவில்லை, எல்லாரும் வழக்கம்போல வந்து படிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். யாரையாவது குறிப்பிட்டுக் கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

சாம்பல் சட்டைக்காரர் இப்போது நூலகத்தில் இல்லையாம். எங்கள் தெருவிலும் இன்று யாரும் நிற்கவில்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்துகிறது. சன்னல் திரைகளை மூடியே வைத்திருக்கிறேன். நாளைக்குப் பாலும் ரொட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். உன் மகளுக்கு வேறு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, அதையும் சொல்.

வந்ததும் கதவைத் தட்டாதே. யார் தட்டினாலும் நான் இப்போது திறப்பதில்லை. உள்ளறையில் போய் நின்றுகொள்கிறேன். வாசலில் நின்று, நன்றாகச் சத்தமாக, ‘அண்ணா’ என்று கூப்பிடு.

உன் அண்ணன்